பனித்தளத்துக்கு முன்பே முடியும் தேர்வு: கர்லிங் தகுதிமுறையும் கொங்கு நாட்டு அனுபவமும்

1. கேள்வி

2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில், ஆடவர் கர்லிங் இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸ் அணி தென்கொரியாவை 5-3 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. குளிர்காலம் என்ற ஒன்றையே அறியாத நாடு அது. அடுத்த ஆண்டு இத்தாலியில் நடந்த ஒலிம்பிக் ஆடவர் கர்லிங்கின் பத்து அணிகளில் பிலிப்பைன்ஸ் இல்லை. ஆசியாவின் தங்கம் ஒலிம்பிக் வாசலைத் திறக்கவில்லை. அந்த வாசலுக்கான வழி முற்றிலும் வேறு.

அந்த வழியைப் பற்றியது இக்கட்டுரை. ஒரு நாட்டு அணி சர்வதேச கர்லிங் போட்டிக்கு எப்படித் தகுதி பெறுகிறது? அந்த விதிகள், பனி பெய்யாத நாடுகளுக்கு உண்மையிலேயே இடம் தருகின்றனவா? கோவையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் யாரும் ஆடாத ஒரு விளையாட்டைத் தன் பட்டறைகளுக்குள் கொண்டுவந்து, அதில் உலக அரங்குவரை ஆள் அனுப்பிய ஊர் கோவை. அந்த அனுபவம் இந்தக் கேள்விக்குப் பயன்படும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 45.72 மீட்டர் நீளமான பனித்தளம். அணிக்கு நால்வர். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள, கைப்பிடி வைத்த கருங்கல்லை ஒருவர் தள்ளிவிடுவார். இருவர் துடைப்பங்களால் அதன் முன்னே ஐஸைத் தேய்த்துக் கல்லின் வேகத்தையும் வளைவையும் மாற்றுவார்கள். எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் மையத்துக்கு யாருடைய கல் அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஸ்காட்லாந்தில் உறைந்த குளங்களின்மீது பிறந்து, கனடாவில் மக்கள் விளையாட்டாக வளர்ந்தது.

இந்த விளையாட்டின் ஏற்றத்தாழ்வுக்கு வழக்கமாக மூன்று விளக்கங்கள் தரப்படுகின்றன. தட்பவெப்பம் என்பது ஒன்று. பணம் என்பது இன்னொன்று. புலம்பெயர்ந்தோர் என்பது அண்மையில் சேர்ந்த மூன்றாவது. மூன்றிலும் பாதி உண்மை உண்டு. எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, முதலில் ஏணியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

2. ஏணியின் அமைப்பு

1959இல் ஸ்காட்லாந்தும் கனடாவும் மட்டுமே மோதிய ‘ஸ்காட்ச் கோப்பை’யைத்தான் ஆடவர் உலகப் போட்டியின் தொடக்கமாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டு நாடுகள் ஆடிய தொடர் ‘உலக’ப் போட்டியானது! மகளிர் உலகப் போட்டி 1979இல் வந்தது. ஒலிம்பிக்கில் 1924ஆம் ஆண்டு ஷமோனியில் ஒருமுறை ஆடப்பட்டது. பிறகு 1998 நகானோவில்தான் முழுப் பதக்க விளையாட்டாக நிலைபெற்றது. தொடக்கத்தில் தகுதிச்சுற்று என்ற சிக்கலே இல்லை. ஆடும் நாடுகள் குறைவு, இடங்கள் போதுமானவை.

உறுப்பு நாடுகள் அறுபதைத் தாண்டிய நிலையில் கதை மாறியது. 2022-23 பருவத்தில் நடைமுறைக்கு வந்த அமைப்பை எடுத்துக்கொள்வோம். உலகப் போட்டியில் ஆடவர், மகளிர் ஒவ்வொரு பிரிவிலும் 13 அணிகள். ஐரோப்பியப் போட்டியிலிருந்து எட்டு. ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள், ஓசியானியா, ஆப்பிரிக்கா அனைத்தையும் ஒரே தொட்டியில் போட்டு உருவாக்கிய பேன் கான்டினென்டல் போட்டியிலிருந்து ஐந்து. இரு மண்டலங்களிலும் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு இருந்தன. கீழே வென்றவர் மேலே ஏறினார், மேலே கடைசியில் வந்தவர் கீழே இறங்கினார்.

அந்த ஐந்து இடங்கள் யாருக்குப் போயின? 2023 உலகப் போட்டியில் இரு பிரிவிலும் அவை கனடா, அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா, நியூசிலாந்து ஆகியவற்றுக்குப் போயின. சீனா முழு வலுவோடு திரும்பியதும் நியூசிலாந்தின் இடம் பறிபோனது. அதாவது ஐரோப்பாவுக்கு வெளியே இந்தச் சில நாடுகளைத் தவிர்த்த உலகம் முழுவதற்கும் நடைமுறையில் ஓர் இடம்கூட மிச்சமில்லை. விதிப் புத்தகம் எந்த நாட்டின் பெயரையும் விலக்கவில்லை. விலக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

ஒலிம்பிக் கணக்கு இதன் மேல் கட்டப்பட்டது. 2026க்கு ஒவ்வொரு பிரிவிலும் பத்து அணிகள். போட்டியை நடத்தும் இத்தாலிக்கு ஓர் இடம். 2024, 2025 உலகப் போட்டிகளில் சேர்த்த புள்ளிகளின்படி ஏழு. மீதி இரண்டு, 2025 டிசம்பரில் கனடாவின் கெலோனாவில் நடந்த இறுதித் தகுதிச்சுற்றில். அந்தச் சுற்றுக்குள் நுழையவே, உலகப் போட்டியில் ஆடாத நாடுகள் முன்தகுதிச்சுற்று ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. பத்தில் எட்டு இடங்கள் உலகப் போட்டியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் விருந்தளிப்பவருக்கும் போய்விட, பிறர் எல்லோருக்குமாகத் திறந்திருந்த இடுக்கு இரண்டு.

விளைவு: ஆடவர் பத்தில் ஆசியாவிலிருந்து சீனா மட்டும். மகளிர் பத்தில் சீனா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் உண்டு. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. ஆடவர் ஆட்டத்தில் கனடாவும் ஸ்காட்லாந்தும் சுவீடனும் பல பத்தாண்டு முன்னிலை பெற்றிருந்தன. மகளிர் ஆட்டம் பிந்தித் தொடங்கியதால் அந்த இடைவெளி குறைவு. சீன மகளிர் 2009இல் உலகப் பட்டம் வென்றார்கள். மறு ஆண்டே ஒலிம்பிக் வெண்கலம். பின்னால் வருபவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது எளிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. பங்கேற்பும் தகுதியும்

இந்தியா இந்தப் பத்தாண்டில்தான் உலகக் கர்லிங் அமைப்பில் சேர்ந்தது. இந்திய ஆடவர் அணி பேன் கான்டினென்டல் போட்டியின் கீழ்ப் பிரிவில் ஆடியிருக்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழ்ப் பிரிவில் ஆடுவதற்கு எவரையும் வென்றிருக்கத் தேவையில்லை. உறுப்பு நாடாக இருந்து, பதிவு செய்து, போய்ச் சேர்ந்தால் போதும். அது இழுக்கல்ல. எல்லா நாடுகளும் அப்படித்தான் தொடங்கின. ஆனால் அதைத் ‘தகுதி பெற்றது’ என்று எழுதும்போது செய்தி பொய்யாகிறது. ஏணியின் அடிப்படியில் நிற்பது வேறு, அதில் ஏறுவது வேறு.

அடிப்படியும் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இல்லை. பேன் கான்டினென்டல் போட்டி 2022இல் கால்கரியிலும் 2023இல் கெலோனாவிலும் 2024இல் லகோமிலும் நடந்தது. மூன்றும் கனடா. ஒரு கோவை மாணவனுக்கு முதல் தகுதிச்சுற்று கனடியத் தூதரகத்தின் விசா மேசையில் நடக்கும்.

அணி உருவாகும் முறையிலும் நம் வழக்கத்துக்கு அந்நியமான ஒன்று உண்டு. கிரிக்கெட்டிலோ கூடைப்பந்திலோ தேர்வுக்குழு பல ஊர் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து முகாமில் வைத்து நாட்டு அணியை ஆக்குகிறது. கர்லிங்கில் மரபு அதுவல்ல. நால்வர் தாங்களே சேர்ந்து, தலைவரின் பெயரால் அறியப்படும் அணியாக ஆண்டுக்கணக்கில் ஆடுவார்கள். தேசியப் போட்டியை வெல்லும் அந்த நால்வரே நாட்டின் அணி. கனடாவில் 1927இல் தொடங்கிய ‘பிரையர்’ போட்டியை வென்ற அணிதான் உலகப் போட்டிக்குப் போகும். சில நாடுகளின் சங்கங்கள் இப்போது ஆட்களைக் கலந்து அணி அமைக்கின்றன; இருந்தாலும் அடிப்படை மரபு இதுதான்.

கொங்கு நாட்டுக்கு இதில் ஒரு சுவையான பொருள் இருக்கிறது. ஒரு கல்லூரியின் நான்கு பேர் தேசியப் போட்டியை வென்றால், எந்தத் தேர்வாளரின் தயவும் இல்லாமல் அவர்களே இந்தியா. தேர்வுக்குழு அரசியலைப் பற்றிப் புலம்பிக் களைத்த நம் விளையாட்டு ஆர்வலர்களுக்கு இதைவிடக் கவர்ச்சியான ஏற்பாடு இருக்க முடியாது. சிக்கல், வெல்லத்தக்க ஒரு தேசியப் போட்டி இருக்க வேண்டும் என்பதுதான். அதற்கு மாவட்டப் போட்டி வேண்டும். அதற்குத் தளம் வேண்டும். இந்தியாவின் செயற்கைப் பனித்தளங்கள் சறுக்கு விளையாட்டுக்காகக் கட்டப்பட்டவை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டிய அரங்கும் அப்படியே. அதுவும் பல ஆண்டு பூட்டிக் கிடந்து அண்மையில்தான் மீண்டும் திறந்தது. சறுக்குத் தளத்தின் மேடுபள்ளத்தில் கர்லிங் கல் சொன்ன பேச்சு கேட்காது. அதற்கு மட்டம் துல்லியமாக இருக்க வேண்டும். மேலே நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்த பொடிப்பொடியான புடைப்புகள் வேண்டும். குல்மார்க்கில் நடக்கும் ‘ஐஸ் ஸ்டாக்’ ஆட்டத்தைச் சிலர் கர்லிங் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பவேரிய மரபில் வந்த வேறு விளையாட்டு. வேறு சங்கம், வேறு ஏணி.

4. டொகோரோவும் உய்சோங்கும்

தட்பவெப்பமே காரணம் என்ற விளக்கத்தை இரண்டு சிற்றூர்கள் கலைத்துப் போடுகின்றன.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஸ்கேலப் சிப்பி பிடித்துப் பிழைக்கும் கடலோர ஊர் டொகோரோ. அங்கே குளிர் இருந்தது, ஆனால் முதலில் கர்லிங் இல்லை. 1980இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தோடு இருந்த நட்புறவின் வழியாக இந்த ஆட்டம் ஹொக்கைடோவுக்கு வந்தது. உள்ளூர்க்காரரான யூஜி ஒகுரி அதில் பித்துக்கொண்டார். கல் வாங்க வழியில்லாததால் சிறு பீர் பீப்பாய்களைக் கல்லாக மாற்றித் தள்ளினார்கள். 1988இல் ஊருக்கென்று உள்ளரங்கு கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அந்த ஊரை மையமாகக் கொண்ட ‘லோகோ சொலாரே’ மகளிர் அணி 2018 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2022இல் வெள்ளியும் வென்றது.

தென்கொரியாவின் உய்சோங் இன்னும் நமக்கு நெருக்கம். பூண்டு விளைச்சலுக்குப் பெயர்போன வேளாண் மாவட்டம். ஈரோட்டுக்கு மஞ்சள் போல. 2006இல் அங்கே ஒரு கர்லிங் மையம் கட்டப்பட்டது. பொழுதுபோக்க வேறு இடம் இல்லாத பள்ளி மாணவிகள் அங்கே போய் விளையாடினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்களால் ஆன அணி தங்கள் நாட்டிலேயே நடந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது. ‘பூண்டுப் பெண்கள்’ என்று உலகப் பத்திரிகைகள் அவர்களைக் கொண்டாடின.

கொரியாவில் குளிர் நிறைந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. அவற்றிலிருந்து அணி வரவில்லை, அரங்கு இருந்த ஊரிலிருந்து வந்தது. துருக்கியையும் சேர்த்துக்கொள்ளலாம். 2011 குளிர்காலப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்காக எர்சுரூம் நகரில் கர்லிங் அரங்கு எழுந்தது; 2023இல் அந்நாட்டின் இரு அணிகளும் உலகப் போட்டியில் இருந்தன. அரங்கு கட்டியதற்கும் இந்த வெற்றிகளுக்கும் இடையே டொகோரோவில் ஏறக்குறைய ஒரு தலைமுறை, மற்ற இரண்டு ஊர்களில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு. பணம் மட்டுமே காரணம் என்ற விளக்கமும் இதில் அடிபடுகிறது. ஜப்பானின் பணம் டோக்கியோவில் இருந்தது. பதக்கம் டொகோரோவிலிருந்து வந்தது.

5. செட்டிப்பாளையத்துப் பாடம்

இதே வடிவத்தைக் கோவை ஏற்கெனவே ஒருமுறை வரைந்து காட்டியிருக்கிறது. மோட்டார் பந்தயம் இந்த ஊர் மண்ணில் முளைத்ததல்ல. 1980களில் எஸ். கரிவரதன் கோவையில் பந்தயக் கார்களைக் கட்டினார். அயல்நாட்டுக் கார்களை இறக்குமதி செய்யும் விலை இளைஞர்களுக்கு எட்டாது என்பதால், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். அதுவே ‘ஃபார்முலா மாருதி’ பந்தயமானது. லேத் பட்டறையும் பவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருந்த நகரத்தில் மட்டுமே சாத்தியமான வேலை அது. ஒகுரியின் பீர் பீப்பாயும் கரிவரதனின் மாருதி இன்ஜினும் ஒரே தர்க்கத்தின் இரு வெளிப்பாடுகள்: உண்மையான கருவி வரும்வரை காத்திருக்காமல், கையில் உள்ளதை வைத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நரேனின் அந்த நாளை அவர் பார்க்கவில்லை. 2003இல் செட்டிப்பாளையத்தில் திறந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்குகிறது.

கூடைப்பந்து இன்னும் நீண்ட கதை. பி.எஸ்.ஜி. வளாகத்தில் நடக்கும் நாச்சிமுத்து கவுண்டர் நினைவுக் கோப்பையும், பம்ப் நிறுவனமான சி.ஆர்.ஐ.யின் பெயரில் நடக்கும் மகளிர் கோப்பையும் நாட்டின் பெரிய துறை அணிகளை ஆண்டுதோறும் இந்த ஊருக்கு வரவழைத்தன. உள்ளூர்ப் பையன் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் காலரியில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. ஆலை முதலாளியின் பணம், கல்லூரியின் மைதானம், ஆண்டு தவறாத போட்டி மூன்றும் சேர்ந்ததால் இந்த ஆட்டம் வேர்பிடித்தது. கோவையின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் வீரர்களின் பெயரை மட்டும் அடுக்கிவிட்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்லிங் கற்களில் பெயர்பெற்றவை ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ஆளில்லாத எய்ல்சா கிரெய்க் தீவின் கருங்கல்லால் ஆனவை. நீரை உறிஞ்சாத, மோதினால் உடையாத கல் என்பதே அதன் சிறப்பு. 1955இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியதிலிருந்து கருங்கல்லைக் கடைந்து உருட்டியெடுக்கும் கைத்திறன் கோவையின் அடையாளம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கல் இந்த ஊருக்கு ஒரு சவாலே இல்லை. ஐஸ்தான் சவால். ஆண்டு முழுவதும் உறைநிலைக்குக் கீழே தளத்தை வைத்திருந்து, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பதற்கான மின்கட்டணத்தை எந்த ஆலை முதலாளி ஏற்பார்?

6. பாஸ்போர்ட் என்னும் தடுப்பு

பிலிப்பைன்ஸ் அரங்கு கட்டி வெல்லவில்லை. அதன் தங்க அணியின் முதுகெலும்பு சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, அங்கே ஆட்டம் கற்ற பிலிப்பினோ வம்சாவளியினர். பிலிப்பைன்ஸின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. புலம்பெயர்ந்தோர் என்ற மூன்றாவது விளக்கம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

இந்தியாவுக்கு அந்தக் குறுக்குவழி அடைபட்டிருக்கிறது. உலகக் கர்லிங் அமைப்பு ஒலிம்பிக் அல்லாத போட்டிகளில் குடிமக்களையும் இரண்டாண்டு வசித்தவர்களையும் ஏற்கிறது. ஒலிம்பிக்கில் குடியுரிமை கட்டாயம். இந்திய அரசோ 2008 முதல் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம் என்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இதற்குப் போதாது. டொரண்டோவில் கர்லிங் கிளப்புக்குப் பக்கத்துத் தெருவில் வளரும் கோயம்புத்தூர்ப் பெற்றோரின் மகள், கனடியக் குடியுரிமையைத் துறந்தால்தான் இந்தியாவுக்கு ஆடலாம். பதக்க வாய்ப்பே இல்லாத ஒரு விளையாட்டுக்காக யார் அதைச் செய்வார்?

இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. கர்லிங்கின் வல்லரசுகளான சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் பெருந்தொகையான ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். பிலிப்பைன்ஸ் போன வழியில் நாளை ஓர் இலங்கை அணி வந்து அதில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் வியப்பதற்கில்லை. கொழும்பு கேட்குமா, அவர்கள் வருவார்களா என்பது அரசியல் கேள்வி. இந்தியாவின் விதி சரியா தவறா என்பதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. உள்ளூரில் ஆடுபவனின் இடத்தை வெளியிலிருந்து வருபவன் பறிக்கக்கூடாது என்ற வாதம் கால்பந்தில் செல்லும். உள்ளூரில் ஆடுபவனே இல்லாத விளையாட்டில் அந்த விதி யாரையும் காப்பாற்றவில்லை.

7. கோவைக்கு என்ன பொருத்தம்

தகுதி விதிகள் யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் அவை ஏற்கெனவே மேலே இருப்பவர்களுக்குப் புள்ளிகளைத் திரும்பத் திரும்பத் தருகின்றன. கீழே இருப்பவர் ஏற இரண்டே வழிகள்: ஊரில் அரங்கு கட்டி ஒரு தலைமுறை பொறுத்திருப்பது, அல்லது வெளிநாட்டில் வளர்ந்த வம்சாவளியினரைச் சேர்ப்பது. இரண்டாவது நமக்கு இல்லை. முதலாவதுக்குக் கோவையில் கைத்திறனும் கல்லூரிகளும் புரவலர் மரபும் உண்டு. ஆனால் இன்றைக்கு இங்கே ஒரு கர்லிங் அரங்கு கட்ட வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். பள்ளி மைதானங்களுக்குச் சுற்றுச்சுவரே இல்லாத ஊர்கள் நிறைய இருக்கும் மாவட்டங்கள் இவை. ஆர்வமுள்ளவர்கள் ஒகுரியின் வழியில் தொடங்கலாம். சக்கரம் பொருத்திய கற்களை வழவழப்பான தரையில் தள்ளி ஆடும் தரைக் கர்லிங் கனடாவின் பள்ளிகளில் வழக்கத்தில் உண்டு. அந்தக் கற்களைச் செய்ய ஒரு கோவைப் பட்டறைக்குச் சில நாள் வேலை போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு; பொறியியல் சேர்க்கையிலும் உண்டு. அதனால் ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்ற சொல்லுக்கு விலை இருக்கிறது. அதிகம் பேர் ஆடாத விளையாட்டுகளில் அந்தச் சொல் மலிவாகப் புழங்குவதும் அதனால்தான். உங்கள் பிள்ளை சர்வதேசப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறான் என்று எந்தச் சங்கம் வந்து சொன்னாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடத்தைப் பெற இவன் எத்தனை பேரை வென்றான்?